மூன்று மூக்குகளும் ஒரு வளைகாப்பும்

என் தம்பியின் இதயம் வலது பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று, அந்த வார்டிலேயே அதிகம் வருத்தப்பட்டவள் நான்தான். நோயாளி அவன். பயந்துபோய்க் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவள் சித்தி. வயிறு எரிந்தது மட்டும் எனக்கு. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. அதுவரை எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் சரிசமமாகத்தான் வாய்த்திருந்தது. ஒரே மூக்கொழுகல், ஒரே இருமல், மாறி மாறிச் சீழ் வடியும் ஒரே மாதிரிக் காது. திடீரென்று அவனுக்கு மட்டும் ஊரில் யாருக்கும் இல்லாத ஒன்று கிடைத்துவிட்டது என்றால் எப்படித் தாங்குவது?

அந்த இருமலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீடு காசிமேட்டில். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் எங்கள் தெருமுனையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் வரிசைகட்டி நிற்கும். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். இருமல் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அதனால் எங்கள் இருமல் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. தூசு என்றார்கள். புகை என்றார்கள். குச்சி ஐஸ் என்றார்கள். பிறந்த அன்றைக்கே நாங்கள் இருவரும் மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தோம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். ஆனால் அதையும் இருமலையும் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் காசநோயாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றதில் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். நான் காசநோய் மாத்திரை தின்கிறேன் என்ற செய்தி எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர, டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாகத் தனியே உட்கார வைத்துவிட்டார். வீட்டிலும் பள்ளியிலும் எனக்குக் கிடைத்த ஒரே வைத்தியம், "இருமாம கம்முனு கெட" என்பதுதான். நான் இருமலை அடக்குவதில் பெரிய கெட்டிக்காரி ஆகியிருந்தேன். முகம் சிவந்து கண்ணில் நீர் தளும்பும். சத்தம் மட்டும் வராது.

எங்களைத் தவிர வீட்டில் இன்னொருவரும் இருமுவார். நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. விசைப்படகில் என்ஜின் டிரைவர். அவர் கடலிலிருந்து திரும்பிவிட்டார் என்பது அவர் தெருமுனை திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு பெரிய இருமல். அவருடைய இருமலுக்கு டீசல் புகையும் பீடியும் காரணம் என்று ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது.

சித்தப்பாவும் சித்தியும் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் இருந்தார்கள். சித்தி வியாசர்பாடிக்காரி. கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்த பெண்ணைச் சித்தப்பா பஸ் ஸ்டாப்பில் பார்த்து, பேசி, கோயிலில் தாலி கட்டிக் கூட்டிவந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் அது பெரிய குற்றம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் எங்களில் உள்ளுக்குள்ளேதான். அம்மா நைனாவுக்குச் சொந்த மாமன் மகள். நைனாவைப் பெற்றவர்களும் அப்படியே. சித்தப்பாவுக்கு என்று அவருடைய அக்காவின் மகள், அதாவது எங்கள் அத்தை மகள், பிறந்த அன்றே பேசிவைக்கப்பட்டிருந்தாள். அதைத் தாண்டி அவர் வெளியிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்ததை அத்தை மன்னிக்கவே இல்லை. வருடங்கள் போயும் சித்திக்குக் குழந்தை பிறக்காதபோது அத்தையின் கோபத்துக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது.

"என் பொண்ணக் கட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு பெத்து இவன் மடியில போட்டிருப்பா. வெளிய போய் மலடியத் தேடிப் புட்ச்சுகினு வந்தான்" என்று அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொல்வாள். அத்தை வீடு திருவொற்றியூரில். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

சித்தி பதில் பேச மாட்டாள். மாடிக்குப் போய்விடுவாள். அவள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, கட்டாத கயிறு இல்லை. காலையில் மாத்திரை, ராத்திரி லேகியம். போன இடமெல்லாம் அவளுக்கு ஒரு கோளாறும் இல்லை என்றுதான் சொன்னார்கள். சித்தப்பாவைப் பரிசோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு நர்ஸ் சொன்னதாகவும், "ஆம்பளைக்கு இன்னா டெஸ்ட்டு?" என்று அத்தை அவளிடம் சண்டைக்குப் போனதாகவும் கேள்வி.

எங்களை வளர்த்தது சித்திதான். அம்மாவுக்கு இறால் கம்பெனியில் வேலை. விடியும் முன்னே போனால் இருட்டியபின் வருவாள். நைனா கண்டெய்னர் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். ஆகவே தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சு கட்டி, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பகலெல்லாம் அவனோடு இருந்தவள் சித்தி. பள்ளிக்கூடம் முடிந்ததும் நானும் அங்கே போய்விடுவேன்.

அன்றைக்கு வந்தவர் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர். தம்பியின் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்தார். முகத்தைச் சுளித்தார். குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு மெல்ல நகர்த்தி நகர்த்தி வலது பக்கம் கொண்டுபோனார். அங்கே நின்றுவிட்டார். தபதபவென்று எங்கேயோ படிக்கட்டில் ஓடினார்.

சித்தி, "இன்னாடி ஆச்சு, டாக்டரு ஓட்றாரு?" என்று என் கையைப் பிடித்தாள்.

அவர் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. வெள்ளைக் கோட்டுப் பையன்களும் பெண்களும். ஒவ்வொருவராகக் குனிந்து தம்பியின் வலது மார்பில் காதைக் கொடுத்தார்கள். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒரு பெண் அவனுக்கு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். தம்பிக்குக் காய்ச்சல் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அடுத்த கட்டில் பாட்டியிடம், "எனுக்கு நெஞ்சு சோத்தாங்கைப் பக்கம் கீது, கேக்கிறியா?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

சித்திக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. முன்பு தெருமுனை கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தபோது, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திப் பிடிச்சுட்டேன் போல" என்று திருப்பிப் பிடித்தாராம். திருப்பிப் பிடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

கடைசியாகப் பெரிய டாக்டரம்மா வந்தார். நரைத்த கிராப்பும் பருத்திப் புடவையுமாக, குரலை உயர்த்தாமலே வார்டை அடக்கிவிடக்கூடியவர். அவர் தம்பியின் நெஞ்சைக் கேட்டார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "பொறந்ததும் மூச்சுத் திணறல் இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றாள் சித்தி. அந்த நேரம் பார்த்து என்னால் அடக்க முடியாமல் ஒரு இருமல் வெளியே வந்துவிட்டது.

டாக்டரம்மா திரும்பினார். "இந்தப் பொண்ணு யாரு?"

"இவன் அக்காங்க. அதுக்கும் எப்பவும் இருமல்தான். எங்க பக்கம் அல்லாருக்குமே கீது, அந்தக் கரித்தூளு…"

"மத்தவங்க இருமலை விடுங்க. இவ இருமலைச் சொல்லுங்க."

என்னையும் கட்டிலில் ஏற்றினார்கள். எனக்குச் சந்தோஷம். எனக்கும் அங்கேதான் இருக்கும் என்று நம்பிக்கையோடு நானே வலது பக்கத்தைக் காட்டினேன். டாக்டரம்மா அங்கே வைத்தார், பிறகு இடது பக்கம் வைத்தார். "இவளுக்கு சரியான இடத்துலதான் இருக்கு" என்றார். நான் அழுதுவிட்டேன். என்னைத் தேற்ற சித்தி பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க வூட்ல அல்லாமே சொந்தந்தாங்க," என்றாள் சித்தி. "நான் ஒருத்திதான் வெளியாளு."

"வீட்டுல வேற யாருக்காவது இப்படிப் பொறந்ததிலேருந்து சளி, இருமல் இருக்கா?"

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு கீதுங்க. ஆனா அவரு பீடி குடிப்பாரு."

"சின்னப் பிள்ளையிலயே பீடி குடிச்சாரா?"

சித்தி இல்லை என்று தலையாட்டினாள். "கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தபின், கடல் சரியில்லாத ஒரு நாளில் சித்தி எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பா வேண்டாவெறுப்பாக வந்தார். மூன்று பேரின் மூக்குக்குள்ளும் நூலைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு பிரஷ்ஷை விட்டு உரசி எடுத்தார்கள். கண்ணில் நீர் வந்தது. என்ஜினுக்குள் தலையைவிட்டு வேலை பார்க்கிற சித்தப்பாதான் மூன்று பேரில் அதிகம் கத்தினார். கடைசியில் டாக்டரம்மா தன் மூக்கிலேயே ஒரு பிரஷ்ஷை விட்டு உரசிக்கொண்டார். அது எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை.

பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப்பை ஒரு டிவி பெட்டியோடு இணைத்திருந்தார்கள். முதலில் டாக்டரம்மாவுடைய மூக்கைப் போட்டார்கள். திரையில் ஒரு விளிம்பு தெரிந்தது. அந்த விளிம்பு முழுவதும் பொடிப் பொடியாக ஏதோ முளைத்து, சேர்ந்தாற்போல அலையடித்துக்கொண்டிருந்தது. கடற்கரைப் பாறையில் ஒட்டிய பாசி தண்ணீர் வந்து போகும்போது ஆடுமே, அதுபோல. ஆனால் அதைவிட வேகமாக, ஒரு நொடிகூட ஓயாமல்.

"இதுக்குப் பேரு நுண்மயிர்," என்றார் டாக்டரம்மா.

தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதில் பாதி வார்த்தையை எங்கள் தெருவில் சொன்னால் முதுகில் அறை விழும். ஒரு டாக்டரம்மா வாயால் அதைக் கேட்டதில் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சித்தப்பா அவன் தொடையில் கிள்ளினார்.

"மூச்சுக்குழாய் முழுக்க உள்பக்கம் இது இருக்கும். தூசியையும் சளியையும் மேல தள்ளிக்கிட்டே இருக்கும். தெருவைப் பெருக்குற மாதிரி. இப்ப உங்களோடதப் பாருங்க."

என் மூக்கைப் போட்டார்கள். அதே விளிம்பு, அதே பொடி முளைகள். ஆனால் எதுவும் அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். தம்பியுடையதும் அப்படியே நின்றது. சித்தப்பாவுடையதும் நின்றது. சித்தப்பா எழுந்து போய்த் திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். ஓடாத என்ஜினைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது புகையால வந்ததில்ல," என்றார் டாக்டரம்மா. "ஐஸ் தின்னு வந்ததில்ல. காசநோயும் இல்ல, யாருக்கும் ஒட்டாது. ரொம்ப அபூர்வமான பிறவி நோய். அப்பா பக்கம் ஒரு பங்கு, அம்மா பக்கம் ஒரு பங்கு, ரெண்டும் ஒரே பிள்ளைகிட்ட வந்து சேர்ந்தாதான் வரும். பெருக்குறவங்க இருக்காங்க, துடைப்பம் அசையல. அதனால சளி உள்ளயே தேங்கி, புண்ணாகி, காய்ச்சலாகுது."

"அப்போ எனுக்கு நெஞ்சு இந்தப் பக்கம்?" என்று தம்பி கேட்டான். அவனுக்கு அவன் கவலை.

"அதுவும் இதே கதைதான். அம்மா வயித்துல இருக்கும்போது, இதயம் எந்தப் பக்கம் போகணும்னு வழி காட்டுறதும் இந்த மாதிரி பொடி முடிதான். அது அசையலேன்னா வழி காட்ட ஆள் இல்ல. பூவா தலையா போட்ட மாதிரி. உங்க அக்காவுக்கு இடது விழுந்துச்சு. உனக்கு வலது."

ஆக, நானும் ஆட்டத்தில் இருந்திருக்கிறேன், தோற்றுப்போனேன், அவ்வளவுதான். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

பிறகு டாக்டரம்மா சித்தப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டார்.

சித்திதான், "இல்லீங்க" என்றாள்.

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளிய போயி எடை பார்த்துட்டு வாங்க."

வெளியே எடை மெஷின் இருந்தது. நாங்கள் தனித்தனியாக ஏறினோம், சேர்ந்து ஏறினோம், ஒற்றைக் காலில் ஏறினோம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா தலையைக் குனிந்திருந்தார். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எங்களுக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று நினைத்துத் தம்பியிடம், "நீ இனிமே பம்பரம் கேட்டா தரேண்டா" என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் வெளியே வந்த சித்தியின் முகம் அழுத முகமாக இல்லை. கண் சிவந்திருந்தது, முகம் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. எங்களுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். தானும் ஒன்று வாங்கி நடுத்தெருவில் நின்று குடித்தாள். சித்தப்பா பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல், ராயபுரம் தாண்டும்வரை படியிலேயே நின்றுகொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு மாறியது. இருமலை அடக்கக் கூடாது, இருமித் துப்ப வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. இப்படி ஒரு உத்தரவு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. காலையில் எழுந்ததும் உப்புத் தண்ணீர் ஆவி. பிறகு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதில் குழாயை விட்டுக் குமிழி வரும்படி ஊத வேண்டும். பிறகு சித்தியின் மடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டால், அவள் கையைக் குழித்து வைத்து முதுகில் தொப்தொப் என்று தட்டுவாள். ஏதோ விசேஷ வீட்டில் மேளம் அடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தட்டி முடித்ததும் இரண்டு பேரும் வெட்கமில்லாமல் இருமுவோம். அப்படி இருமியபின் வருகிற மூச்சு இருக்கிறதே, அது இடறாமல் தடுக்காமல் அடிவயிறு வரைக்கும் போகும். மூச்சு அவ்வளவு தூரம் போகும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் சித்தி என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே உள்ளே வந்துவிட்டாள்.

"டீச்சர், இது காசநோவு இல்ல, ஒட்டிக்கிற நோவும் இல்ல. பொறவி நோவு. பெரிய டாக்டரே சொல்லிக்கீறாங்கோ. இவ இருமணும். இருமுனாதான் இவளுக்கு நல்லது. இருமுனா திட்டாதீங்கோ. அப்பாலிக்கா, இவள நடுவுல குந்த வைங்கோ."

டீச்சர் திகைத்துப்போய், "சரிம்மா" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சிலிருந்து நடுவரிசைக்கு நடந்தேன். நடந்து முடிக்கிற வரைக்கும் சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததும் நான் வேண்டுமென்றே ஒரு தரம் இருமினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பாதான் சரியில்லை. சித்தியும் அவரும் எங்களை விட்டுவிட்டு இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். அதன்பின் அவர் வீட்டில் தங்குவதே குறைந்தது. கரைக்கு வந்தாலும் படகிலேயே கிடந்தார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து நான் பாட்டிலில் ஊதிக்கொண்டிருந்தபோது, மேலே சித்தியின் குரல் கேட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இத்தினி வருசம் கம்முனு இருந்தவ இப்பவும் இருந்துட்டுப் போறேன். அத நீயா சொன்னாதான் உண்டு."

பதிலுக்குச் சித்தப்பாவின் இருமல் மட்டும் கேட்டது. அவர் திருட்டுத்தனமாக இன்னும் பீடி குடிக்கிறார், சித்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாள், டாக்டரம்மாவிடம் அவரே போய் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். தம்பிக்கும் விளக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை மகளுக்கு வளைகாப்பு வந்தது. சித்தப்பாவுக்கென்று பேசிவைத்திருந்த அதே அத்தை மகள். பொன்னேரிப் பக்கம் வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்து, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். திருவொற்றியூரில் அத்தை வீட்டுத் தெருவையே அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அலறியது. ஆம்பளைகளுக்கு வெளியே நாற்காலி. உள்ளே பெண்கள்.

இந்த மாதிரி விசேஷங்களுக்குச் சித்தி வந்தால் நேரே பின்கட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். யாரும் சொல்லத் தேவையில்லை. அன்றும் அங்கேதான் போனாள். ஆனால் தன் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டை உடுத்தியிருந்தாள். பட்டுப் புடவையோடு வெங்காயம் உரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

அத்தை மகளை மணையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். "புள்ள பெத்தவங்கோ அல்லாரும் முன்னால வாங்கோ," என்று அத்தை கூப்பிட்டாள். பிறகு பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மத்தவங்கோ அப்பால இருந்தா போதும்" என்றாள்.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது. வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். ஆம்பளைகள் வராத இடம். ஒரு பெண் எழுந்து, "இன்னாண்ணே, இன்னா வோணும்?" என்றாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே வந்து, அத்தைக்கு நேராக நின்றார். யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

"அக்கா, அல்லாரும் கீறாங்கோ, அதான் இங்கியே சொல்றேன்." எங்கள் இருவரையும் கைகாட்டினார். "இந்தப் புள்ளைங்களுக்கு இன்னா நோவோ, அதே நோவுதான் எனுக்கும். பொறவியிலியே கீது. கொற என்கிட்டதான். டாக்டரம்மா டெஸ்ட்டு பண்ணியே சொல்ட்டாங்கோ. இவகிட்ட ஒரு கொறையும் கெடியாது. இத்தினி வருசமா நீ இவளச் சொன்ன ஒவ்வொரு பேச்சும் எனுக்கு வர வேண்டியது. இனிமே சொல்றதா இருந்தா என்னைச் சொல்லு."

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் கட்சியில் மூன்றாவது ஆளாக இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் அவர் பேர் கொடுத்துவிட்டாரே! பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எங்க மூணு பேருக்கும் நுண்மயிர் அசையாது" என்று கிசுகிசுத்தேன். ஆனால் மற்றவர்கள் ஏன் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள், அத்தை ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்குப் புரியவில்லை. சித்தப்பாவுக்கு இருமல் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம்தானே?

சித்தப்பா பின்கட்டுக்குப் போனார். வெங்காயக் கையோடு இருந்த சித்தியை மணிக்கட்டைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தார். யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் வழி விடவும் இல்லை. அப்போது மணையில் உட்கார்ந்திருந்த அத்தை மகள், தாயைப் பார்க்காமல், சித்தியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாங்கத்த. நீங்கோ மொதல்ல போடுங்கோ."

சித்தி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அவள் ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற, கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு என்று அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனாள். யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அதன்பின் எல்லாரும் இட்டார்கள். அத்தை வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துச் சித்தி பக்கம் நகர்த்தி வைத்தாள். அத்தை யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளால் முடிந்தது அந்தக் கிண்ணம்தான்.

இதற்கெல்லாம் அர்த்தம் எனக்குத் தெரிந்தது பல வருடங்கள் கழித்து, தம்பிக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான். ஓய்வுபெற்றுவிட்ட டாக்டரம்மாவை நாங்கள் வீட்டில் போய்ப் பார்த்தோம். மூச்சுக்குழாயில் அசைய மறுக்கிற அந்த நுண்மயிரும், ஆண் விந்தணுவின் வாலும் ஒரே விதமாகக் கட்டப்பட்டவை என்று அவர் தம்பியிடம் சொன்னார். அது அசையாவிட்டால் பெரும்பாலும் இதுவும் நீந்தாது. அன்று எங்களை எடை பார்க்க அனுப்பிவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னது அதைத்தான். அத்தை மகளைக் கட்டியிருந்தால் அவள்தான் பின்கட்டில் வெங்காயம் உரித்திருப்பாள். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டது அதற்காகத்தான் இருக்கும்.

தம்பி அந்தப் பெண்ணை முதல்முறை பார்த்தபோதே, டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்துவிட்டுச் சரி என்றாள். சித்தப்பாவும் சித்தியும் சிகிச்சைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, விட்டுவிட்டார்கள். சித்தப்பா பீடியை மெய்யாகவே விட்டார். எங்கள் இருவருக்கும் நுரையீரல் இன்றுவரை கெடாமல் இருப்பதைப் பார்த்து டாக்டர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். தினமும் யார் தட்டிவிட்டது என்று கேட்பார்கள். சித்தி என்று சொல்வோம்.

வளைகாப்பு அன்று சாயங்காலம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி தண்ணீர்த் தொட்டியருகே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவ அழுகிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். கன்னத்திலிருந்த சந்தனம் பாதி கரைந்திருந்தது. நான் போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்டேன்.

"சித்தி, ஒனுக்கும் இன்னாவோ நோவு இருந்துச்சில்ல? அதுக்குத்தான மாத்திர துண்ணுகினு இருந்த?"

அவள் கையிலிருந்த தண்ணீரை உதறினாள். "ஆமாண்டி."

"இப்போ?"

"சரியாப் பூட்ச்சு," என்றாள் சித்தி. "இன்னிக்குத்தான்."

நான் அப்படியே நம்பினேன். மூக்கில் பிரஷ் விடாமல், பாட்டிலில் ஊதாமல், முதுகில் ஒரு தட்டுகூட வாங்காமல், ஒரே நாளில் அவளுக்குச் சரியாகிவிட்டதே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை நாளாகிறது என்று அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்க்கும்போது கேட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.